தீயணைப்பு வேலைக்கு டிப்ளமோ தேவையா?

கேள்வி: எனக்கு 19 வயது. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். பிற்படுத்தப்பட்ட வகுப்பு, உயரம் 171 செ.மீ. சென்னையில் தீயணைப்பு வீரராக ஆசை. ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ படித்தால்தான் அரசு வேலை என்று ஒரு பயிற்சி நிறுவனம் 45,000 ரூபாய் கேட்கிறது. அப்பா நகையை அடகு வைக்கலாம் என்கிறார். கட்டலாமா?
— ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: கட்ட வேண்டாம், தம்பி. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில் இருக்கிறது. நம் மாநிலத்தில் அப்படி இல்லை. சென்னை உட்பட எல்லா ஊர் நிலையங்களும் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையைச் சேர்ந்தவை. ஆளெடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே தேர்வு. கேட்கும் படிப்பு பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். டிப்ளமோ இருப்பதால் ஒரு மதிப்பெண்கூட அதிகம் கிடைக்காது. தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் வேலை தேடுவோருக்கு அது உதவலாம். உங்களுக்கு அது வீண்செலவு.

வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். கடந்த அறிவிக்கைகளில் உச்ச வரம்பு பொதுப்பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 31. உயரம் உங்கள் பிரிவுக்கு 170 செ.மீ., எனவே தப்பித்தீர்கள். மார்பளவு சாதாரண நிலையில் 81 செ.மீ., மூச்சை இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும். ஒல்லியான பிள்ளைகள் இங்கேதான் வெளியேறுகிறார்கள். இன்றே டேப் வைத்து அளந்து பாருங்கள். கண் பரிசோதனையையும் இப்போதே செய்துகொள்ளுங்கள். நிறக்குருடு இருந்தால் மருத்துவத் தேர்வில் தேற முடியாது.

எழுத்துத் தேர்வில் தமிழ் மொழித் தகுதித் தாளுக்கு 80 மதிப்பெண். அதில் 40 சதவீதம், அதாவது 32 எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். தரவரிசைக்குக் கணக்கில் வருவது 70 மதிப்பெண் முதன்மைத் தேர்வு: பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்றால் மிரள வேண்டாம், பெரும்பாலும் எண் தொடர், தர்க்கம், கணக்கு. ஆறு முதல் பத்து வரையிலான சமச்சீர் புத்தகங்களை ஊன்றிப் படிப்பதே அடித்தளம்.

இதைத் தாண்டினால் மைதானம். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 112 விநாடி. இது கடினமான வேகமே அல்ல. ஆனாலும் பலர் தோற்பதற்குக் காரணம், கூட்டத்தோடு முண்டியடித்து முதல் சுற்றை 80 விநாடியில் ஓடிவிட்டு மூன்றாவதில் மூச்சுத் திணறி நிற்பது. கடிகாரத்தோடு, முதல் சுற்றை 105 விநாடிக்கு முன்னே முடிக்காமல் ஓடிப் பழகுங்கள்.

பிறகு உடல்திறன் போட்டிகள், 24 மதிப்பெண்: கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். எத்தனை நட்சத்திரம் வாங்குகிறீர்கள் என்பதை வைத்தே மதிப்பெண்; கயிற்றில் 5 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. கைபலத்தை மட்டும் நம்பி ஏறுபவர்களுக்கு நான்காவது மீட்டரில் விரல்கள் விட்டுவிடும். கயிற்றை ஒரு பாதத்தின் மேல் ஓடவிட்டு, மறு பாதத்தால் அழுத்தி மிதித்து, கால்களை நீட்டி உடலை உயர்த்த வேண்டும், கை பிடிமானத்துக்குத்தான். இறங்கும்போது கை மாற்றி மாற்றி இறங்குங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளங்கைத் தோல் உரிந்து, அடுத்த போட்டி கெடும். மரக்கிளையில் தொங்கவிட்ட கயிறு போதும். கிளை உறுதியா என்று இருவர் தொங்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

மொத்தம் 100-இல் மீதி 6 மதிப்பெண் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். அறிவிக்கை வந்தபின் அலைந்தால் தலைமையாசிரியர் விடுப்பில் இருப்பார்.

தேர்வானால் தாம்பரத்திலுள்ள துறையின் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது. சம்பள விகிதம் ரூ.18,200 – 67,100. முதல் பணியிடம் சென்னைதான் என்று யாரும் உறுதி தர முடியாது, அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். மாவட்ட நிலையங்களில் தீயைவிடக் கிணற்று மீட்பும் பாம்பு பிடிப்பும் வெள்ளமும் அதிகம் வரும். ஆகவே நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், தேர்வில் கேட்காவிட்டாலும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம்; 1944-இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. அப்போது நிலையத்தார் செயல்விளக்கம் காட்டுவார்கள். போய்ப் பாருங்கள், வேலை என்னவென்று புரியும்.

பட்டப்படிப்பையும் தொடருங்கள். நிலைய அலுவலர் நேரடித் தேர்வுக்கும், மாவட்ட அலுவலர் பதவிக்கான குரூப் 1 தேர்வுக்கும் பட்டம் வேண்டும். விண்ணப்பத்தில் துறை விருப்ப வரிசை கேட்கும் இடத்தில் தீயணைப்பாளரை முதலில் குறியுங்கள். கணினி மையத்தில் யாரோ நிரப்பித் தந்ததைப் பார்க்காமல் அனுப்பி, மனமில்லாத துறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.