டாக்டர் சீட்டின் மூலையில் ஒரு எண்

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. பொறியியல் மூன்றாம் ஆண்டு, ஹாஸ்டலில் இருக்கிறான். அவனுக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்பது அவன் போனைப் பார்த்து அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. விடுமுறைக்கு வந்தவனை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். "12 சிட்டிங், மாதம் ஒரு ஊசி, ஆறு மாதத்தில் பெண் பார்க்கலாம்" என்றாராம் அவர். சரிப்படாவிட்டால் ஒரு 'சென்டரில்' ஒரு மாதம் போட்டுவிடுவேன் என்கிறார் அப்பா. தமிழ்நாட்டில் இது தடை செய்யப்பட்டது என்று படித்தேன். யாரிடம் புகார் கொடுப்பது? ஹாஸ்டலிலோ நாளை வேலையிலோ தெரிந்தால் அவனுக்குப் பாதுகாப்பு உண்டா?
– ஒரு அக்கா, கும்பகோணம்

பதில்: நீங்கள் படித்தது பாதி சரி. இதற்கென்று சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இருப்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் போலீஸ் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்தார். பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சி கூடாது, மீறுபவரின் தொழில் உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், இத்தகைய சிகிச்சை டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகளின்படி தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதியது. (அதே ஆணையம் 2024-இல் பெண்களின் தன்பாலீர்ப்பை 'இயற்கைக்கு மாறான குற்றங்கள்' வரிசையில் பாடத்திட்டத்தில் சேர்த்து, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றது. எழுத்தில் ஏறியது எல்லார் மண்டையிலும் ஏறிவிடவில்லை.)

ஆக, இந்தத் தடையில் நேராகச் சிக்குபவர் பதிவு பெற்ற அலோபதி டாக்டர். சித்தா, ஹோமியோபதிக்குத் தனித்தனிக் கவுன்சில்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்க வேண்டும். மந்திரிப்பவர், ஜெபம் செய்பவர், வெறும் போர்டு மாட்டிய 'கவுன்சலர்' ஆகியோரை மருத்துவ கவுன்சில் ஒன்றும் செய்யாது. அவர்கள் அடைத்துவைத்தாலோ, அடித்தாலோ, மயக்க மருந்து கொடுத்தாலோ போலீஸ் புகார்தான் வழி.

அதனால் முதலில் அந்த மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்திலோ கீழ் மூலையிலோ ரிஜிஸ்டர் எண் இருக்க வேண்டும். எல்லாச் சீட்டிலும் அதை அச்சிட வேண்டும் என்பது விதி. எண் இருந்தால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் சரிபார்க்கலாம். எண்ணே இல்லாத சீட்டும் ஒரு ஆதாரம்தான், பத்திரப்படுத்துங்கள். நோய் என்ன என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். 'ஈகோ டிஸ்டோனிக்' என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. தன் ஈர்ப்பைத் தானே விரும்பாத நிலை என்று அதற்குப் பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் 10-ஆம் நோய்ப் பட்டியலில் இருந்த பெயர் அது. 11-ஆம் பட்டியலில் இல்லை. தன்பாலீர்ப்பையே நோய்ப் பட்டியலிலிருந்து 1990-இல் எடுத்துவிட்டார்கள்.

அடுத்து, தம்பி தன் கையெழுத்தில் மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன அதே 2002 விதிகள். பணம் கட்டிய ரசீது அல்லது ஜிபே பதிவு, டாக்டர் அனுப்பிய வாட்ஸ்அப், எந்தத் தேதியில் என்ன சொன்னார், என்ன ஊசி போட்டார் என்ற குறிப்பு, எல்லாவற்றையும் சேர்த்துச் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள கவுன்சிலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். புகாரில் 'மாற்று சிகிச்சை' என்று எழுதிவிடாதீர்கள்; நாட்டு மருந்து என்று நினைத்துக்கொள்வார்கள். 'பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லித் தந்த சிகிச்சை' என்றே எழுதுங்கள். ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, அதனால் அனுப்பிய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பல புகார்கள் படுத்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. பாசத்தில் அக்காவே தன் பெயரில் எழுதிப் போட்டுவிடுவார். நோயாளி வயது வந்தவர். அவர் பேசாமல் விசாரணை நகராது. அதைவிட, அவன் ஈர்ப்பை ஒரு அலுவலகக் கோப்பில் ஏற்றுவதா வேண்டாமா என்பது அவன் எடுக்க வேண்டிய முடிவு. அவன் "வேண்டாம்க்கா" என்றால் தாள்களை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

ஊசி, மாத்திரை பற்றி. அந்த மாத ஊசி டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) என்றால், யார்மேல் ஈர்ப்பு வரும் என்பதை அது மாற்றாது. தேவையில்லாமல் போட்டால் உடல் தானாகச் சுரப்பது குறையும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். 'கல்யாணத்துக்குத் தயார்' செய்யப் போட்ட ஊசி செய்யும் வேலை இது. ஆனால் மன அழுத்த மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தால் அதைச் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரும். வேறொரு மனநல மருத்துவரிடம் சீட்டைக் காட்டி, படிப்படியாகக் குறைப்பதா, தொடர்வதா என்று கேளுங்கள். அப்பாவுக்குத் தெரிந்துபோன அதிர்ச்சியில் தம்பிக்கு உண்மையாகவே மனச்சோர்வு இருக்கலாம். அதற்கு வைத்தியம் பார்ப்பது தடையில் வராது. இரவில் யாரும் கிடைக்காவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

இப்போது அந்த 'சென்டர்'. இதுதான் அவசரம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சமூகத்தின் ஒழுக்க வழக்கத்தோடு ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது. சம்மதமில்லாமல் சேர்க்க 89-ஆம் பிரிவு விதிக்கும் நிபந்தனைகள் கடுமையானவை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை இருக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். அதிகபட்சம் 30 நாள். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த விண்ணப்பத்தைக் கொடுப்பவர் 'நியமனப் பிரதிநிதி', அதாவது சிகிச்சை விஷயத்தில் தனக்குத் துணையாக ஒருவர் எழுதி நியமிக்கும் ஆள். தம்பி யாரையும் நியமிக்காமல் இருந்தால் அந்த இடத்துக்கு உறவினர் வருவார், அதாவது அப்பா.

ஓட்டையை அடைக்க ஸ்டாம்ப் பேப்பர்கூட வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். "மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14-இன் கீழ் என் நியமனப் பிரதிநிதியாக என் அக்கா இன்னாரை நியமிக்கிறேன்" என்று தேதியோடு தம்பி எழுதிக் கையெழுத்திட வேண்டும். கீழே "சம்மதிக்கிறேன்" என்று நீங்கள் கையெழுத்திடுங்கள். அசல் உங்களிடம், நகல் தம்பியின் நம்பிக்கையான நண்பரிடம், போட்டோ மூவர் போனிலும். நாளைக்கே செய்துவிடுங்கள்.

சென்டர்காரர்கள் இன்னொரு வழியும் வைத்திருப்பார்கள்: 'என் விருப்பத்தின்பேரில் சேர்கிறேன்' என்று பையனிடமே கையெழுத்து வாங்கிவிடுவது. அப்படிச் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட்டாக வேண்டும். பரிசோதிக்க என்று 24 மணி நேரம் மட்டும் நிறுத்திவைக்கலாம். இது தம்பிக்கு மனப்பாடமாக இருக்கட்டும். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இல்லாமல் மனநல மையம் நடத்தினால் முதல் தடவையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம்.

மீறி அடைத்தே வைத்துவிட்டால் ஆட்கொணர்வு மனு. கும்பகோணத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. மனுதாரர் நீங்களாகவே இருக்கலாம். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100-ஐ அழையுங்கள். இத்தகைய வழக்குகளில் கவுன்சலிங் என்ற பெயரில் ஈர்ப்பை மாற்றப் பார்க்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியிருக்கிறது.

ஒருவேளை தம்பி வீட்டைவிட்டு வெளியேறி, அப்பா 'காணவில்லை' என்று புகார் கொடுத்தால் பயப்பட வேண்டாம். வயது வந்தவர் விருப்பப்படி இருக்கிறார் என்றால் வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடிக்க வேண்டும் என்று அதே 2021 உத்தரவு சொல்கிறது. 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரையும் (தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்டோர்) அவர்களுக்காக உழைப்பவர்களையும் போலீஸ் தொல்லை செய்யக் கூடாது. முறைப்படி விசாரிப்பது தொல்லையில் சேராது, எனவே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் வக்கீலோடு போய்ப் பேசிவிட்டு வருவதே நல்லது.

ஹாஸ்டலுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பாலீர்ப்பைச் சொல்லிக் கேலி செய்வது, ஒதுக்குவது எல்லாம் ராகிங் என்று யுஜிசி 2016-இல் விதியைத் திருத்தியது. ஜூனியர் சீனியர் பேதம் கிடையாது. ராகிங் புகாருக்கு 1800-180-5522.

வேலை விஷயத்தில்தான் கை வறண்டுபோகிறது. அரசு வேலையென்றால், தன்பாலுறவு குற்றமல்ல என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பையும் அரசியல் சாசனத்தின் 14, 15-ஆம் பிரிவுகளையும் வைத்து வாதாடலாம். தனியார் நிறுவனம் தன்பாலீர்ப்பைக் காரணம் காட்டி வேலை தர மறுத்தால் தடுக்க நேரடிச் சட்டம் இல்லை. 2019 சட்டம் திருநர்களுக்கானது, தம்பிக்குப் பொருந்தாது. கேம்பஸ் இன்டர்வியூ வரும்போது கம்பெனியின் பாகுபாடின்மைக் கொள்கையில் 'செக்ஸுவல் ஓரியன்டேஷன்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், நாளை ஏதாவது ஆனால் எச்ஆரிடம் நீட்ட ஒரு தாளாவது கையில் இருக்கும்.