கடலோரக் கிராமத்தில் கல்யாணம்: மணவறையை எங்கே போடுவது?

கேள்வி: ரோஸ்ஹில்லில் இருக்கிறேன். மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையும் அங்கேதான், சொந்த ஊர் கோயம்புத்தூர், இந்தியப் பாஸ்போர்ட். கல்யாணம் மொரிஷியஸில்தான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் ஹோட்டல் கூடாதாம். தெற்குக் கரையில் பெல் ஓம்ப்ர், பே து காப் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில், கடல் மணலில் மணவறை போட்டுத் தாலி கட்ட வேண்டுமாம். ஆகஸ்ட் கடைசியில் வைக்கலாம் என்கிறார்கள். மொத்தம் 180 பேர். அதில் 70 பேர் கோவை, ரெயூனியன், டர்பனிலிருந்து வருகிறவர்கள். என் வீட்டுக்காரரோ, "பேசாமல் ஹோட்டலில் பணத்தைக் கட்டு, நிம்மதியாக இரு" என்கிறார். கிராமத்தில் நடத்த முடியுமா? எதையெல்லாம் முன்கூட்டியே பார்க்க வேண்டும்?

பதில்: முடியும் சகோதரி. மகளிடம் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்: தாலி மணலில் வேண்டாம். காலை முகூர்த்தம் கோயிலில், கூரைக்குக் கீழே. மாலை வரவேற்பு கடலைப் பார்த்தபடி. இதற்கு அவள் சரி சொல்லிவிட்டால் மீதியெல்லாம் ஏற்பாடுதான்.

காரணம் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தீவில் தென்கிழக்குக் காற்று ஓங்கி அடிக்கும் காலம். கிழக்கும் தெற்கும்தான் அதை நேரே வாங்குகின்றன. பக்கத்தில் இருக்கும் லெ மோர்னுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் கைட் சர்ஃபிங் செய்ய வருவதே இந்தக் காற்றுக்காகத்தான். அவர்களுக்குக் கொண்டாட்டம், நம் குருக்களுக்குத் திண்டாட்டம். ஹோமத் தீ நிற்காது. நின்றால் பொறி பட்டுப்புடவைக்குப் பறக்கும். மைக்கில் மந்திரத்துக்குப் பதில் காற்றுதான் கேட்கும். பெண் மாப்பிள்ளைக்குப் போட்ட அட்சதை வீடியோக்காரர் தலையில் போய் விழும். மணலில் நாற்காலிக் கால் புதையும், எழுபது வயசுப் பெரியம்மாவை இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் படங்களில் இதெல்லாம் தெரியாது.

இன்னொன்று, மணல் யாருக்கும் சொந்தமில்லை. கரையை ஒட்டிய நிலம் பெரும்பாலும் பா ஜியோமெத்ரிக், அதாவது அரசாங்கத்துக்குச் சொந்தமான கரையோரப் பட்டை. காம்ப்மான் என்கிற கடலோர வீடு வைத்திருப்பவர்கள் அதைக் குத்தகைக்கு எடுத்தவர்கள். அவர்களுடைய வேலிக்கு வெளியே அலை வந்துபோகும் மணல் எல்லோருக்கும் பொது. பொதுக் கடற்கரை என்று அறிவித்த இடத்தில் பந்தல், மேடை, ஸ்பீக்கர் எதுவானாலும் கடற்கரை ஆணையத்திடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் கடற்கரை மூடப்படாது. ஞாயிற்றுக்கிழமை பிலாவோ (சவுக்கு) மரத்தடியில் ஒரு குடும்பம் பிரியாணிச் சட்டியைத் திறந்து வைத்து ரவான் மேளம் தட்டி சேகாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தால், அவர்களை எழுந்து போகச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. சொல்லவும் கூடாது.

இப்போது தேதி. ஆகஸ்ட் வேண்டாம். பாதி மாதம் ஆடியில் போய்விடும், மீதி காற்றில் போய்விடும். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிட்டால் நம் ஊர் உறவுகளில் பாதிப் பேர் கோவிந்தன் விரதத்தில் இருப்பார்கள். என்னைக் கேட்டால் வைகாசி, அதிலும் மே கடைசி வாரம். புயல் பருவம் என்று கணக்கு வைப்பது நவம்பர் முதல் மே 15 வரை, அது முடிந்திருக்கும். காற்று இன்னும் உச்சத்துக்கு வந்திருக்காது, கடலில் வெதுவெதுப்பு மிச்சம் இருக்கும். கோவையில் பள்ளி விடுமுறை; இங்கிலாந்திலும் மே கடைசியில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் லீவு விடுவார்கள். அது ஒத்துவராவிட்டால் ஐப்பசி. தீபாவளியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தை, மாசி நல்ல மாதம்தானே என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள்: ஜனவரி முதல் மார்ச் வரைதான் இங்கே புயல் பயம் அதிகம். மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை விட்டுவிட்டால் பஸ் ஓடாது, கடை திறக்காது, யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. முகூர்த்தம் என்றாலும் அதுதான் விதி.

நேரம் குறிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கோவை ஜோசியர் எழுதிக் கொடுத்த நேரத்தில் ஒன்றரை மணியைக் கழித்துவிட்டால் நம் நேரம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. சூரிய உதயமும் லக்னமும் இடத்தைப் பொறுத்தவை, நாமோ பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். மே கடைசியில் இங்கே விடிவதே ஆறரைக்கு. நம் ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தை வைத்துக் கோயில் குருக்களிடம் குறித்து வாங்கி, அதைக் கோவைக்கு அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள். இந்த வரிசையில் செய்தால் மனஸ்தாபம் வராது.

அதே போலத்தான் சூரிய அஸ்தமனமும். மகள் கடலில் சூரியன் இறங்குவதைப் பின்னணியாக வைத்துப் படம் எடுக்க நினைத்திருப்பாள். பெல் ஓம்ப்ர் கரை தெற்கே பார்த்தது. மே, ஜூனில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே ஒதுங்கி இறங்கும், அதாவது அங்கே நிற்பவருக்குக் கடலில் விழாது, நிலத்தின் பக்கம்தான் மறையும். அதுவும் மாலை ஆறுக்கு முன்னாலேயே. கடலில் விழும் சூரியன்தான் வேண்டும் என்றால் அரை நாள் ஒதுக்கி மேற்குக் கரையில், பிளிக் ஆன் பிளாக் மாதிரி இடத்தில், தனியாகப் படம் எடுத்துக்கொள்ளட்டும். வரவேற்பை நாலு மணிக்குத் தொடங்கினால் அந்தி வெளிச்சம் மணமக்கள் முகத்தில் இருக்கும். ஏழு மணி என்று அழைப்பிதழில் போட்டால் கடல் ஒரு கறுப்புச் சுவர்தான்.

சரி, இடங்களுக்கு வருவோம். அந்தப் பக்கத்தில் கரும்புத் தோட்டங்களை ஒட்டி எழுந்த கோயில்கள் உண்டு. கோயில் சங்கத் தலைவரை நேரில் போய்ப் பாருங்கள், போனில் பேச வேண்டாம். அந்த வாரத்தில் கொடியேற்றமோ தீமிதியோ இருக்கிறதா, கூடத்தில் எத்தனை பேர் உட்காரலாம், சமையல் கொட்டகை உண்டா, நாதஸ்வரம் தவில் யார் வாசிப்பார்கள் என்று கேளுங்கள். வாசிப்பவர்கள் தீவில் கொஞ்சம் பேர்தான். தேதி குறித்த அன்றே சொல்லி வையுங்கள். கோயிலில் கூடம் போதாவிட்டால் பக்கத்தில் சால் வெர்த் போடலாம். இந்தப் பந்தலைப் போடுகிறவரிடம் பக்கவாட்டுத் துணி தெற்கும் கிழக்கும் இறக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அழகுக்காக நாலு பக்கமும் திறந்து விடுவார்கள்.

காலை விருந்து கோயிலிலேயே, வாழை இலையில் செத் காரி, அதாவது ஏழு கறி விருந்து. கோவைக்காரர்களுக்கு முதலில் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். பறங்கிக்காயும் பலாக்காயும் வாழைக்காயும் இவ்வளவு காரமாக ஒரே இலையில் வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ரசம் ஊற்றியதும் சமாதானமாகிவிடுவார்கள். தயிர் மட்டும் நீங்கள் தனியாக ஏற்பாடு செய்யுங்கள், நம் சமையல்காரர்கள் அதை மறந்துவிடுவார்கள். ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூனுக்கு 2021 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது. தண்ணீருக்கு டம்ளர் வாடகைக்கு எடுங்கள்.

மாலைக்கு ஒரு பெரிய காம்ப்மான். பார்க்கப் போகும்போது எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் போங்கள். கிராமத்தில் சாக்கடைக் குழாய் கிடையாது, குழிதான். எட்டுப் பேர் கொண்ட குடும்பம் தங்குவதற்குத் தோண்டிய குழியில் 180 பேர் போனால் இரவு ஒன்பது மணிக்கு என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. முந்தின வாரம் குழியை லாரி வைத்துக் காலி செய்யச் சொல்லுங்கள், நடமாடும் கழிப்பறைகளும் வாடகைக்கு எடுங்கள். கூரை மேல் தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர், குழாயில் தண்ணீர் எந்நேரமும் வருமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். உரிமையாளரிடம் கேட்டால் வரும் என்றுதான் சொல்வார். விளக்கு, ஸ்பீக்கர், குளிர்பெட்டி எல்லாம் சேர்ந்தால் வீட்டு மின் இணைப்பு தாங்காது, ஜெனரேட்டர் தேவை. தங்க அனுமதித்த எண்ணிக்கை, விருந்துக்கு அனுமதித்த எண்ணிக்கை, பாட்டு எத்தனை மணி வரை, முன்பணம் எப்போது திரும்பும் ஆகிய நான்கும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். பாட்டு விஷயத்தில் போலீஸ் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அக்கம்பக்கத்து மீனவர்களுக்கு அழைப்பு வையுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அவர்கள் படகு இழுக்கும் வழியில் உங்கள் விருந்தினர் கார் நிற்கப் போகிறது. மாலை விருந்துக்கு மீனை அவர்களிடமே சொல்லி வைக்கலாம். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை ஊரித் (ஆக்டோபஸ்) பிடிக்கத் தடை. மே மாதம் என்றால் அந்தக் கவலை இல்லை, ரெயூனியன் சொந்தங்கள் அதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

போக்குவரத்தை விருந்தினரிடம் விட்டுவிடாதீர்கள். மெட்ரோ அந்தப் பக்கம் வராது, கிராமத்துப் பஸ் பொழுது சாய்ந்ததும் நின்றுவிடும். மினிபஸ்களை நாள் வாடகைக்குப் பேசுங்கள். பெரிய பஸ் வேண்டாம். மகோந்தே பாறையைச் சுற்றும் அந்த வளைவை உங்களுக்குத் தெரியும். விமான நிலையம் தென்கிழக்கில் இருப்பது உங்களுக்கு அனுகூலம், வருகிறவர்களை போர்ட் லூயிஸ் நெரிசலில் இழுத்தடிக்காமல் சூயாக் வழியாக நேரே கூட்டிப் போய்விடலாம். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன ஹோட்டலும் இங்கே பயன்படும்: பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அந்தப் பக்கத்து ஹோட்டலில் அறை போடுங்கள். இளசுகள் காம்ப்மானில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளட்டும்.

காகித வேலையை மட்டும் தள்ளிப் போட வேண்டாம். கோயிலில் தாலி கட்டிய படம் லண்டனில் எந்த அலுவலகத்திலும் செல்லாது, சிவில் பதிவுச் சான்றிதழ் வேண்டும். மாப்பிள்ளை வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் நடைமுறை கூடும். போர்ட் லூயிஸ் சிவில் ஸ்டேட்டஸ் அலுவலகத்துக்கு இப்போதே நேரில் போய், இந்த ஜோடிக்கு என்னென்ன தாள் வேண்டும், எத்தனை நாள் முன்பு கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மாப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் திருமணமாகாதவர் என்ற சான்றும் இந்தியாவில் அபோஸ்டில் முத்திரை (வெளிநாட்டிலும் செல்லும்படி அரசு தரும் அத்தாட்சி) வாங்கி வர வேண்டியிருக்கும். இந்தியா, மொரிஷியஸ் இரண்டும் அபோஸ்டில் ஒப்பந்தத்தில் இருப்பதால் தூதரகங்களுக்கு அலைய வேண்டாம். பாஸ்போர்ட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு இனிஷியல் பாஸ்போர்ட்டில் விரிந்து அப்பா பெயராகியிருக்கும்; நம் அலுவலகத்தில் அதை வேறு ஆள் என்பார்கள். பதிவைக் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே முடித்துவிட்டால் அன்றைக்குப் பேனா தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

சம்பந்தி வீட்டாருக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள்: பூச்சரம், வெற்றிலை, மாவிலை, விதை எதுவும் பெட்டியில் வேண்டாம். செடிகொடி சம்பந்தப்பட்ட எதற்கும் இறக்குமதி அனுமதி இல்லாமல் விமான நிலையத்தில் பறிமுதல்தான். வெற்றிலையும் வாழைக்குலையும் இங்கேயே கிடைக்கின்றன. மல்லிகைச் சரத்தை முன்பே சொல்லி வைக்க வேண்டும். மேடை அலங்காரத்துக்கு ஆந்தூரியம் போதும், காற்றில் வாடாது. தாலி, நகைகளை கைப்பையில் எடுத்து வரட்டும்.

கடைசியாக, படம் எடுக்க மணமக்கள் தண்ணீரில் இறங்கினால் வெறுங்காலோடு இறங்க விடாதீர்கள். பாறை மாதிரியே கிடக்கும் லாஃப் மீனின் முள் குத்தினால் வலி பொறுக்க முடியாது. உடனே காலைச் சூடு தாங்குமளவு வெந்நீரில் வைத்து, 114க்குப் போன் செய்து சாமு ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். சூயாக்கில் ஆஸ்பத்திரி இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி ரோஸ் பெல்லில். சூயாக் தாண்டி கிரி கிரி பக்கம் படமெடுக்கப் போனால் தண்ணீரில் காலே வைக்கக் கூடாது. அங்கே பவளப்பாறைத் தடுப்பு இல்லை, அலை நேராக வந்து இழுக்கும். இந்த இரண்டையும் புகைப்படக்காரரிடமும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.