பரண்ல இருக்கறது பணமாகுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாட்டியோட ஏழுகல் வைரத்தோடு எனக்கு வந்திருக்கு. "ப்ளூ ஜாகர்டி இது, அசட்டுத்தனமா யார்கிட்டயும் தூக்கிக் கொடுத்துடாத"ன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. போன மாசம் ஒரு நகைக்கடைல காமிச்சா தங்கத்துக்கு மட்டும் வெயிட் போட்டு ரேட் சொல்றாங்க, கல்லு பழசும்மா, பெருசா ஒண்ணும் வராதுங்கறாங்க. யார நம்பறது? — வாசகி, கும்பகோணம்

பதில்: பாட்டியையும் முழுசா நம்பாதீங்க, கடைக்காரரை சுத்தமா நம்பாதீங்க. வாங்கப் போறவரே விலையும் சொன்னா அது எப்பவும் அவருக்கு சாதகமாத்தாங்க இருக்கும், இதுல கோவப்பட ஒண்ணும் இல்ல, அது அவர் தொழில்.

தென்னாப்பிரிக்கால ஜாகர்ஸ்ஃபான்டைன்னு ஒரு வைரச் சுரங்கம் இருந்துச்சு, 1971ல மூடிட்டாங்க. அங்க எடுத்த நல்ல கல்லு லேசா நீலமடிக்கும், அதான் நம்ம வீடுகள்ல அந்தப் பேருக்கு அவ்ளோ மவுசு. ஆனா போகப்போக நல்லா ஜொலிக்கற எந்தக் கல்லா இருந்தாலும் ப்ளூ ஜாகர்னு சொல்லிட்டாங்க, பட்டை தீட்டி தோட்டுல பதிச்ச கல்லப் பாத்து இது இந்த சுரங்கத்துதான்னு அடிச்சு சொல்ல இப்ப வழி இல்ல. அந்த நீலம் என்னன்னா, வெயில்ல இருக்கற அல்ட்ரா வயலட் பட்டா சில வைரம் நீலமா ஒளிரும், அவ்ளோதான். பாட்டி பெருமைப்பட்ட அதே நீலம் தூக்கலா இருந்தா, வெள்ளை வெளேர்னு இருக்கற உசத்தி கல்லுக்கு இன்னைக்கு மார்க்கெட்ல விலைய கொஞ்சம் குறைக்கறாங்க, கொடுமைய பாருங்க.

இனி உங்க பக்கம் இருக்கற நல்ல விஷயம். தோடு நிஜமாவே 1950க்கு முன்னாடி செஞ்சதா இருந்து, கல்லும் அப்ப வச்சதாவே இருந்து, டெஸ்டர்ல வைரம்னு காட்டிட்டா, அது மண்ணுலேருந்து வந்த வைரம்தான், ஏன்னா லேப்ல வைரம் செய்யவே 1950கள்லதான் கத்துக்கிட்டாங்க, நகைல வைக்கற அளவுக்கு செய்ய 1970 ஆச்சு. சந்தேகம் எங்க வரும்னா, நடுவுல எப்பவாவது கல்லு விழுந்து ரிப்பேருக்குக் கொடுத்திருந்தா அந்த இடத்துல அமெரிக்கன் டைமண்ட் உக்காந்திருக்கலாம், அதனால ரெண்டு தோட்டுலயும் பதினாலு கல்லையும் தனித்தனியா டெஸ்ட் பண்ண சொல்லுங்க. பத்து மடங்கு லென்ஸ் இருந்தா நடுக்கல்ல நேர் மேலேருந்து பாருங்க, மையத்துல குட்டியா ஓட்டை போட்ட மாதிரி ஒரு வட்டம் தெரிஞ்சா அது பழைய கட்டிங், அந்தக் காலத்துல கல்லோட அடிநுனிய கூரா விடாம தட்டையா வெட்டுவாங்க.

பழைய தோடுன்னா பின்பக்கம் தங்கத்தால மூடியிருக்கும், அதுக்குள்ள எண்ணெய், சீயக்காய், அழுக்கு எல்லாம் சேந்து கல்லு மங்கலா தெரியும், எடையும் சரியா போட முடியாது. கழட்டித்தான் போடணும்னு சொன்னா உங்க கண்ணு முன்னாடியே கழட்ட சொல்லுங்க, "உள்ள கொடுத்துட்டு அரை மணி நேரத்துல வாங்கம்மா"ன்னா தோட்ட வாங்கிட்டு கிளம்பிடுங்க. 100 சென்ட் ஒரு கேரட், ஒரு கேரட் 200 மில்லிகிராம், எந்தக் கல்லு எத்தனை சென்ட்னு எழுதி வாங்குங்க. நடுக்கல்லு ஓரளவு பெருசா இருந்தா ஜிஐஏ, ஐஜிஐ மாதிரி வைரத்த சோதிச்சு சான்று தர்ற லேப்ல ரிப்போர்ட் எடுங்க, அதுல நிறம், தரம், எடை எல்லாம் வரும், விலை வராது, விலைக்கு அந்த ரிப்போர்ட்டோட மூணு கடை ஏறணும்.

இன்னொன்னும் இருக்கு. நம்ம ஆளுங்க வைரம் ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு புதுசையே நாலு நாள் வீட்ல வச்சுப் பாத்து வாங்கறவங்க, அடுத்தவங்க போட்ட வைரம்னா இன்னும் யோசிப்பாங்க. அதனால பழைய வைரத்த வாங்க ஆள் கம்மி, விலை அடிபடறதுக்கு அதுவும் ஒரு காரணம். அவசரப் பணத்தேவை இல்லன்னா விக்காதீங்கன்னுதான் சொல்வேன்.

கேள்வி: சார், எங்க தாத்தா பெட்டில விக்டோரியா ராணி போட்ட வெள்ளி ரூபா இருபது இருக்கு, எல்லாத்துலயும் 1862. ஆன்லைன்ல இதையே பல லட்சத்துக்கு போட்ருக்காங்க, நெசமா? — வாசகர், திருநெல்வேலி

பதில்: போட்ருக்கறது அவங்க ஆசை, வித்த விலையா அதுன்னு பாத்தீங்களா? 1862ன்னு வருஷம் போட்டு அதே வருஷத்தோட 1874 வரைக்கும் அடிச்சுத் தள்ளினாங்க, அதனால இதுதான் ரொம்ப சாதாரணமா கிடைக்கற ரூபா. எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம், ஆக ஒரு காசுல சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி, அன்னைக்கு வெள்ளி ரேட்டால பெருக்குங்க, அதுக்குக் கீழ யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. தேய்மானம் இல்லாம ராணி முடி, நகை எல்லாம் துல்லியமா தெரிஞ்சா சேகரிக்கறவங்க மேல கொடுப்பாங்க. தயவு பண்ணி விபூதி போட்டு பளபளன்னு தேய்ச்சுடாதீங்க, காசு சேக்கறவங்களுக்கு அந்தக் கறுப்புதான் வேணும், தேய்ச்ச காசுன்னா பாத்த உடனே விலைய இறக்கிடுவாங்க. பெட்டில 1911 போட்ட அஞ்சாம் ஜார்ஜ் ரூபா இருக்கான்னு தேடிப் பாருங்க, ராஜா அங்கில இருக்கற யானை பன்னி மாதிரி தெரியுதுன்னு சண்டையாகி அத நிறுத்திட்டு மறுவருஷம் யானைய மாத்தினாங்க, அது இருந்தா தனியா எடுத்து வைங்க. ரிசர்வ் பேங்க் பேர சொல்லி கமிஷன், டாக்ஸ்னு முன்பணம் கேட்டா கட்டாதீங்க, எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு அவங்களே 2021ல அறிக்கை விட்டாச்சு.

கேள்வி: கூடத்துல மாட்டியிருக்கற லட்சுமி படம் ரவிவர்மா ஒரிஜினல்னு பெரியப்பா சொல்றார். அத வித்து வீட்டையே ரிப்பேர் பண்ணிடலாங்கறார். — வாசகி, தேவகோட்டை

பதில்: பெரியப்பாவ கொத்தனார்கிட்ட இப்பவே பேச வேணாம்னு சொல்லுங்க. ரவிவர்மா 1894ல பம்பாய்ல அச்சகம் ஆரம்பிச்சார், அப்புறம் அது லோனாவ்லா பக்கம் போச்சு, அங்கேருந்து லட்சுமி, சரஸ்வதி எல்லாம் வீட்டுக்கு வீடு வந்துச்சு. படத்த ஃப்ரேம்லேருந்து கழட்டி கீழ் ஓரத்துல ரவிவர்மா பிரஸ்னு இங்கிலீஷ்ல அச்சடிச்சிருக்கா பாருங்க, இருந்தா அது அச்சுப் படம். ஓரத்த ஃப்ரேமுக்குள்ள மடிச்சோ வெட்டியோ இருப்பாங்க, அப்படின்னா லென்ஸ் வச்சு முகத்தப் பாருங்க, பொடிப்பொடி புள்ளியா நிறம் சேந்திருந்தா அச்சுதான். அச்சுக்கும் மதிப்பு இருக்கு, கறை இல்லாம, ஓரம் வெட்டாம, பழைய தேக்கு ஃப்ரேமோட இருந்தா நல்லாவே போகும், புடவைக்கு ஜரிகை, சம்கி ஒட்டி அலங்காரம் பண்ணதுன்னா அதுக்குன்னே தேடறவங்க உண்டு. பழைய சாமான் கடைங்க இருக்கற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு உங்களுக்குப் பக்கம்தானே, விக்கறவங்களா போகாதீங்க, வாங்கறவங்களா போய் இதே மாதிரி படம் என்ன விலைன்னு நாலு கடைல கேளுங்க, அவங்க சொல்றதுல பாதி கைக்கு வந்தா சந்தோஷப்படுங்க. ஒருவேளை நிஜமாவே கையால வரைஞ்சதுன்னா கதையே வேற, ரவிவர்மா ஓவியத்த 1979லயே தேசியக் கலைச் செல்வம்னு அறிவிச்சுட்டாங்க, நாட்ட விட்டு வெளிய அனுப்ப முடியாது, இங்கதான் விக்கணும்.

கேள்வி: அம்மாவோட தஞ்சாவூர் வீணைல தந்த வேலைப்பாடு இருக்கு. விக்கலாமா? — வாசகர், திருச்சி

பதில்: முதல்ல தந்தமான்னு பாருங்க, குறுக்கும் நெடுக்குமா மெல்லிசா பின்னின கோடு தெரியலாம், பிளாஸ்டிக்ல அது இருக்காது. தந்தம்தான்னா விக்கவும் கூடாது, யாரும் வாங்கவும் கூடாது, வனவிலங்கு சட்டத்துல கேஸ் ஆயிடும், பரம்பரை சொத்துன்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. எந்த இணையதளத்துலயும் போட்டோ போட்டு வைக்காதீங்க. வச்சிருக்கறதுக்கு என்ன பேப்பர் வேணும்னு மாவட்ட வன அலுவலகத்துல கேட்டுக்கோங்க.

கேள்வி: எங்க வீட்டு செப்புக் கலசம் அரிசிய இழுக்குது, இரிடியம் இருக்குன்னு ரெண்டு பேர் வந்து சொன்னாங்க. கோடிக்கணக்குல போகுமாம், டெஸ்ட் பண்ண சயின்டிஸ்ட் வர்றதுக்கு மட்டும் முன்பணம் கேக்கறாங்க. — வாசகர், தர்மபுரி

பதில்: ஐயோ, கொடுத்துடாதீங்க! இரிடியம் அரிசிய இழுக்காது, எந்த உலோகமும் வெறும் அரிசிய இழுக்காது, அரிசில இரும்புத்தூள் ஏத்தி, அடில காந்தம் வச்சுக் காட்டற வித்தை இது, தமிழ்நாட்டுல வருஷா வருஷம் போலீஸ் பிடிச்சுட்டேதான் இருக்காங்க. சோதிச்சுப் பாக்கணும்னா அவங்க கொண்டு வந்த அரிசிய விட்டுட்டு உங்க வீட்டு ரேஷன் அரிசியப் போட்டுப் பாருங்க, ஒரு மணி கூட நகராது. ஏற்கனவே பணம் அனுப்பியிருந்தா இன்னைக்கே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடுங்க, அவங்க நம்பர், பணம் போன அக்கவுன்ட் எதையும் அழிக்காம ஸ்டேஷன்ல கொடுங்க. கலசம் செம்புதானே, பாத்திரக்கடைல கிலோ கணக்குல என்ன வருமோ அதான் வரும்.