96 வாசல்களும் ஒரு வட்ட பேட்டரியும்

கேள்வி: சிறு வயதில் பாதியில் விட்ட 'சூப்பர் மரியோ வேர்ல்ட்' கேமை, இந்த முறை ஒரு ரகசியமும் விடாமல் முடித்துவிட ஆசை. சூப்பர் நின்டெண்டோ கருவி பத்திரமாக இருக்கிறது. பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "நன்றாக ஓடுகிறது" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? வீட்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியும் உண்டு.

பதில்: ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது எதையாவது நினைவில் வைத்திருக்குமா என்று கேட்டீர்களா?

1990இல் ஜப்பானில் வெளியான இந்த கேம், நீங்கள் எட்டிய இடத்தைக் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிஆர்2032 வட்ட பேட்டரியின் தயவில்தான் காத்துவைக்கிறது. பேட்டரி தீர்ந்தாலும் கேம் ஓடும். சேமித்தது மட்டும் தங்காது. நானும் இப்படி ஒன்றை வாங்கி, எழுபது சொச்சம் வாசல்களை, அதாவது லெவல்களை முடித்து வெளியேறும் வழிகளை, கடந்துவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து போட்டால் மரியோ ஏ, பி, சி என்ற மூன்று சேமிப்பு இடங்களுக்கும் நேரே 'எம்ப்டி' (காலி). விற்றவர் சொன்னது பொய்யில்லை, ஓடத்தான் செய்தது!

வாங்கியே தீருவதென்றால், சேமிக்கக் கேட்கும் ஒரு லெவலை முடித்துச் சேமித்து, கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைத்து, மறுநாள் மாட்டிப் பாருங்கள். பேட்டரியை மாற்றலாம்தான். அதற்கு 3.8 மி.மீ. சிறப்புத் திருப்புளி வேண்டும்; பேட்டரி உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால் கை பழகியவரிடம் கொடுப்பது நல்லது. இன்னொன்று: இதில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. கோட்டை, பேய் வீடு போன்றவற்றை முடித்தால்தான் சேமிக்கவே கேட்கும்.

உங்கள் நோக்கத்துக்கு ஸ்விட்சின் 'நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன்' சந்தாவே போதும். அமெரிக்க விலையில் ஆண்டுக்கு 19.99 டாலர். அடிப்படைச் சந்தாவிலேயே இந்த கேம் வந்துவிடுகிறது. எந்த இடத்திலும் நிறுத்தி வைக்கலாம், தவறினால் பின்னோக்கி ஓட்டலாம்.

அதற்கு முன், 'முழுசாக' என்றால் எதுவரை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மூல கேம் எண்ணுவது 96 வாசல்களை மட்டுமே. சீஸ் பிரிட்ஜ் லெவலில் முடிவுக் கம்பத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனால் இன்னொரு கம்பம் நிற்கும். அதுவும் தனிக் கணக்கு. 96 சேர்ந்ததும் எண்ணுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் முளைக்கும். லெவலுக்கு ஐந்தாக வரும் டிராகன் காசுகளை எல்லாம் பொறுக்கினாலும் ஓர் உயிர் கிடைக்குமே தவிர, அதற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. அந்தக் கணக்கும் வேண்டுமென்றால் அமெரிக்காவில் 2002இல் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த பதிப்பை ஆடுங்கள்; அது காசுகளையும் லெவல்வாரியாகக் குறித்துவைக்கும். ஆனால் ஸ்விட்சில் அதற்கு ஆண்டுக்கு 49.99 டாலர் உயர் சந்தா வேண்டும். தனிக் கார்ட்ரிட்ஜாகத் தேடினால் போலிகள் மலிந்து கிடக்கின்றன, எச்சரிக்கை. நான் 96 போதும் என்ற கட்சி.

கேள்வி: பின்னோக்கி ஓட்டி முடித்தால் அது ஏமாற்று வேலை ஆகாதா?

பதில்: ஸ்பெஷல் பகுதியின் இரண்டாம் லெவல் 'டியூபுலர்'. பலூனாக ஊதிக்கொண்டு, காலடியில் தரையே இல்லாமல், எதிரே பறந்து வரும் ஃபுட்பால்களுக்கு நடுவே மிதக்க வேண்டும். அதை ஒரு மாலை முழுக்க ஆடிவிட்டு இதே கேள்வியை மறுபடி அனுப்புங்கள்.