காற்றுக்கு எதிரே ஏறாத பலகை

கேள்வி: என்னுடையது முழு ராக்கர் ஸ்னோபோர்டு (பனியில் சறுக்கும் பலகை). கைட், அதாவது ஆளை இழுத்துச் செல்லும் பெரிய பட்டம், பிடித்து ஓடும்போது இறுகிய பனியில் பலகை காற்றுப் போகும் பக்கமே வழுக்குகிறது. கேம்பர் பலகைக்கு மாறலாமா?

பதில்: மாறலாம். ராக்கரில் நுனியும் வாலும் மேல்நோக்கி வளைந்திருப்பதால் கால்களுக்கு நடுவிலுள்ள விளிம்பு மட்டுமே பனியைக் கடிக்கிறது. கைட்டோ ஓயாமல் பக்கவாட்டில் இழுக்கும். அதைத் தாங்க நீளமான விளிம்பு வேண்டும். கேம்பரில் நடுப்பகுதி மேலெழும்பியிருக்கும். நீங்கள் ஏறி நின்றதும் அது அமுங்கி, எடை இரு முனைகள்வரை பரவுகிறது. ஆழமான புதுப்பனியில்தான் ராக்கருக்கு மவுசு, நுனி புதையாது. இருவகைப் பனியிலும் ஓடுபவருக்குக் காலடியில் கேம்பர், நுனியில் ராக்கர் உள்ள கலப்புப் பலகையே என் தேர்வு.

வடிவம்? திசை மாற்றும்போதெல்லாம் வால் முன்னே வரும். ஆகவே இருமுனையும் ஒத்த ட்வின் வசதி. பாதங்களை 15, -15 பாகையில் வையுங்கள், அதாவது முன்பாதம் நுனிப்பக்கமும் பின்பாதம் வால்பக்கமும் 15 பாகை திரும்பியிருக்கட்டும். அகலம் குறைந்தால் பலகையைச் சாய்க்கையில் குதிகால் பனியில் உரசி, பிடி நழுவும்.

பலகையை வாங்குமுன் பழையதன் விளிம்பைத் தீட்டிப் பாருங்கள். மழுங்கிய விளிம்போடு கேம்பரும் வழுக்கத்தான் செய்யும். தீட்டியபின் கைட் கயிறுகள்மேல் ஏறிவிடாதீர்கள், அறுந்துவிடும்.