காசு கட்ட முதல் ஒருக்கா வாசியுங்கோ

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில எட்டு வருசம் இங்கிலிஷ் படிப்பிச்சிட்டு கனடாவில ஸ்காபுரோவுக்கு வந்திருக்கிறன், புதுசா வாறவைக்கு இங்கிலிஷ் படிப்பிக்க லைசென்ஸ் வேணும், 120 மணித்தியால ஒன்லைன் கோர்ஸ் ஒண்டு மலிவாக் கிடக்குது, கட்டட்டோ, எந்தப் பக்கம் வீடு எடுக்கலாம் எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

கட்டாதேங்கோ. அது கொரியா, வியற்நாம் பக்கம் போறவைக்கு உதவும். ஒன்ராறியோவில அதைக் கொண்டு போய்க் காட்டினால் சிரிச்சுக்கொண்டு திருப்பித் தருவினம். நானும் இப்பிடி ஒண்டுக்குக் கட்டி ஏமாந்தவன்தான்.

ஆருக்குப் படிப்பிக்கப் போறீங்கள் எண்டதை முதல் முடிவெடுங்கோ. அரசாங்கப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு எண்டால் ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின்ர சான்றிதழ் வேணும். பேர்தான் கல்லூரி, அங்க ஒருத்தரும் படிக்கிறேல்ல. லைசென்ஸ் குடுக்கிற இடம். டிகிரியும் வேணும், ஆசிரியர் பயிற்சியும் வேணும். 2015 இல இங்க அந்தப் பயிற்சியை நாலு தவணை ஆக்கினவை. இரண்டாம் மொழி இங்கிலிஷ் எண்டது அதுக்கு மேல எடுக்கிற 125 மணித்தியாலத் தகுதி.

வளந்த ஆக்களுக்கு எண்டால் கதை வேற. ஒட்டாவா, அதுதான் மத்திய அரசாங்கம், 1992 இல இருந்து காசு குடுத்து நடத்திற, புதுசா வந்தவைக்கான லிங்க் (LINC) இங்கிலிஷ் வகுப்புகளுக்கு, அனேகமா ரெசல் ஒன்ராறியோ (TESL Ontario) எண்ட இங்கிலிஷ் ரீச்சர்மார் சங்கத்தின்ர அங்கீகாரம் கேப்பினம். அதுக்கும் டிகிரி வேணும், அவை ஏற்ற கோர்ஸ் வேணும், உண்மையான வகுப்பில நிண்டு செய்யிற பயிற்சியும் வேணும். நீங்கள் டிகிரி எடுத்தனீங்களோ, வித்தியாபீடத்தோட நிண்டனீங்களோ எண்டு எழுதேல்ல. டிப்ளோமா மட்டும் எண்டால் முதல் அதைப் பாருங்கோ.

பெறுபேற்றுப் பத்திரம் கம்பஸில இருந்து நேர வரவேணும், உங்கட கையால குடுத்தால் எடுக்காயினம். 2001 இல நான் வரேக்க இது தெரியாது. ரெண்டு கடிதம் போட்டன், பதிலில்லை. கடைசியில அண்ணா போய்க் கந்தோர் வாசலில நிண்டுதான் அனுப்புவிச்சவர். பதினொரு மாசம். அவ்வளவு நாளும் இரவில கோப்பிக்கடையில நிண்டன்.

எங்கட சனத்தின்ர கதையைக் கேட்டிடாதேங்கோ. லைசென்ஸ் எண்டால் ட்ரக் லைசென்ஸ் ஒண்டுதான் தெரியும். "தமிழன் இங்கிலிஷ் படிப்பிக்கிறதோ?" எண்டு நக்கலடிச்ச சித்தப்பா இண்டைக்கும் டொக்டரிட்டப் போறதெண்டால் மகளைக் கூட்டிக்கொண்டுதான் போறார். உங்கட உச்சரிப்பைப் பற்றியும் யோசிக்காதேங்கோ. ஆனால் முழுநேர வேலை உடன கிடைக்குமெண்டு நம்பாதேங்கோ. ஒட்டாவா காசைக் குறைச்ச பிறகு வகுப்புகளும் குறைஞ்சு போச்சு. நான் நாலு வருசம் சப்ளை ரீச்சர், வேற ரீச்சர் வராட்டில் ஃபோன் அடிப்பினம், ஓடிறது.

வீட்டு வாடகையை வேற ஆரும் சொல்லுவினம், நான் பழைய ஆள்.

எனக்கு உண்மையாக் கஷ்டமா இருந்தது வாயை மூடப் பழகிறதுதான். பயிற்சியில முதல் வகுப்பு, ஒரு தேவாலயத்து நிலக்கீழ் அறை. ஆப்கான், சீன ஆக்கள் பதினாலு பேர். எங்கட ஊர் ரீச்சர்மார் மாதிரி பலகையில எழுதி எழுதி இறந்தகாலத்தை வெளுத்து வாங்கினன். வலு சந்தோசம் எனக்கு. பின்னால இருந்த மேற்பார்வை ரீச்சர் ஒரு தாளை நீட்டினா: 40 நிமிசத்தில நீங்கள் கதைச்சது 31 நிமிசம், அவை கதைச்சது 4.

மிச்சம் 5 நிமிசம் நான் பலகை துடைச்சது. இப்ப வகுப்பில பத்து நிமிசத்துக்கு மேல கதைக்கிறேல்ல. வீட்டில இன்னும் பழைய கணக்குத்தானாம், மனிசி சொல்லுவா.