பழைய ஃபியட்டின் பின்பக்கத் தாழ்வு: ஷாக் அப்சார்பர் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: அப்பா 1967இல் வாங்கிய ஃபியட் 1100 டிலைட், குளச்சலில் எங்கள் வீட்டில் இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. சில மாதங்களாகப் பின்பக்கம் இடப்புறம் தாழ்ந்து நிற்கிறது. வேகத்தடை ஏறி இறங்கினால் வண்டி நெடுநேரம் ஆடுகிறது. புதிய ஷாக் அப்சார்பர் போட்டு, கமானில் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: ஷாக் அப்சார்பரை மாற்றுங்கள், கூடுதல் பட்டை வேண்டாம். ஆனால், இரண்டுக்கும் முன்பாக, கமானைத் தாங்கும் தகடு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

நீங்கள் சொல்வன இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஆட்டம் அடங்காததற்குக் காரணம் ஷாக் அப்சார்பர். தாழ்ந்து நிற்பதற்கு அது காரணமன்று. வண்டியின் எடையைச் சுமப்பது கமான்தான் என்பதால், எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் அப்சார்பரைப் போட்டாலும் சாய்வு நிமிராது. நான்கு டயர்களிலும் சரியான காற்றழுத்தம் வைத்து, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தையும் இருபுறமும் அளந்து பாருங்கள். இடப்புறம் மட்டும் மாறுபட்டால், கமான் பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் ஒடிந்து, பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் நகர்ந்திருக்கக்கூடும். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

இந்த ஃபியட்டுக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடியின் அடித்தகடே எல்லாப் பாரத்தையும் ஏற்கிறது. இரண்டு பருவமழைகளும் பெய்யும் நம் மாவட்டத்தில், அதிலும் உப்புக்காற்று ஓயாத குளச்சலில், கமானின் முன்கண்ணும் (முன்முனை வளையம்) பின்னாலுள்ள ஷேக்கிளும் (பின்முனையைத் தாங்கும் அசையும் இணைப்பு) பூட்டப்படும் இடங்களில்தான் சேறும் உப்பும் சேர்ந்து முதலில் துரு பிடிக்கும். மேலே பூசிய கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். தகடு நொறுங்கினால், அழுகிய பகுதியை வெட்டியெடுத்து, நல்ல இரும்பு வரும் இடம் வரை புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகே கமானைத் தொட வேண்டும். அழுகிய தகட்டின் மேல் விறைப்பான கமானைக் கட்டினால், ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராகத் தகட்டில்தான் இறங்கும். கூடுதல் பட்டை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கமானைக் கழற்றிப் பட்டைகளைப் பிரித்ததும், சென்டர் போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் கண்ட பட்டையை ஒட்டவைக்க முயலாமல் மாற்றிவிடுங்கள். விரிசல் இல்லாமல் வளைவு மட்டும் குறைந்திருந்தால், லாரிகளுக்குக் கமான் கட்டும் பட்டறையில் காய்ச்சாமலே தட்டி வளைவு ஏற்றித் தருமாறு கேளுங்கள். கேஸ் விளக்கால் சூடேற்றி வளைத்தால் எஃகின் பதம் போய்விடும். பிறகு முறைப்படி எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றாவிட்டால், கமான் சீக்கிரமே மீண்டும் படுத்துவிடும். எந்த வேலையானாலும் இருபுறமும் சேர்த்தே செய்யுங்கள். கமானின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களையும், கமானை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளையும் புதிதாகப் போடுங்கள்.

ஷாக் அப்சார்பர்களையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். வேறு வண்டிக்குரியதைப் பொருத்துவதானால், மாட்டும் முனை ஒத்துப்போவது மட்டும் போதாது. முழுவதும் நீட்டிய நீளமும் அழுத்திய நீளமும் பழையதோடு பொருந்த வேண்டும். நீளம் குறைந்தால் ஆக்ஸில் கீழே இறங்கும்போது ஷாக் அப்சார்பர் பிடித்திழுக்கப்பட்டு ஒடியும்; கூடினால் பள்ளத்தில் அடிதட்டும். பெட்டியில் படுத்துக் கிடந்ததைச் செங்குத்தாகப் பிடித்து, நாலைந்து முறை முழுவதும் இழுத்து அழுத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகு மாட்டச் சொல்லுங்கள்.

பொருத்தும்போது பல பட்டறைகளில் தவறுவது ஒன்று உண்டு: வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்டுகளை இறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று விரைவில் கிழிந்துபோகும். போல்ட்டுகளை லேசாக மாட்டி, சக்கரங்கள் தரையில் பதிந்து முழு எடையும் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லி, முதலில் குறித்துவைத்த உயரங்களை அன்றே மீண்டும் அளந்து பாருங்கள்.